எண்ணுவதற்கு இரண்டு பேர்

முனகுவது மூன்றாவது படி அல்ல, நான்காவது என்று அந்த வாசகி எழுதியிருந்தாள்.

அவ்வளவுதான். மூன்று நட்சத்திரம் போட்டு, கீழே அந்த ஒற்றை வரி. ‘தூக்கம் வராதவள்’ என்று புனைபெயர். நாவல் நன்றாக இருக்கிறது என்றோ நாசமாய்ப் போயிருக்கிறது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. புத்தகம் விற்கும் தளத்தில் வாசகர் கருத்துகளை இனிமேல் பார்ப்பதில்லை என்று காலையில் சத்தியம் செய்துவிட்டு மத்தியானத்துக்குள் நாலு தடவை பார்த்துவிடுவது எழுத்தாளரின் வழக்கம். இந்த வரியைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

நாவலில் வரும் வீடு அவள் வீடு. அது யாருக்கும் தெரியாது. கொலைகாரன் எந்த வழியாக வருவான், எங்கே நின்று கேட்பான், எதில் கால் இடறுவான் என்று கற்பனையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட, இருக்கிற வீட்டையே எடுத்துக்கொண்டால் வேலை சுலபம் என்று, மரப்படிக்கட்டு, பக்கவாட்டுக் கதவு, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் அப்படியே தூக்கி எழுதியிருந்தாள். மாடி அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது. படி முனகும் என்பது நினைவிருந்தது. எத்தனையாவது என்று யார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்?

இப்போது எழுந்து போய்ப் பார்த்தாள். கீழே இறங்கி, தரையிலிருந்து ஒவ்வொன்றாகக் காலை அழுத்தி ஏறினாள். மூன்றாவது படி ஊமை. நான்காவதில் கால் வைத்ததும், வயிற்றுவலிக்காரன் புரண்டு படுக்கும்போது விடும் சத்தம் ஒன்று மரத்துக்குள்ளிருந்து நீளமாக வந்தது.

“என்னக்கா, படியில நின்னு டான்ஸ் ஆடுற?” என்று ஹாலிலிருந்து தங்கை கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. நீ தூங்கு.”

“தூங்கித் தூங்கி முதுகுதான் தேயுது.”

தங்கைக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சின்ன ஓட்டை போட்டு எடுப்பதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வயிற்றை நீளமாகத் திறந்துவிட்டார்கள். அவள் கணவர் கப்பல் வேலைக்காரர், கரை திரும்ப மாதங்கள் ஆகும். அதனால் அக்கா வீட்டுக்கு வந்து, ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டு, தையலோடு படுத்திருந்தாள். பெற்றவர்கள் போனபிறகு இந்த இரண்டு பேருக்கும் இந்த இரண்டு பேர்தான். இவளுக்கு ஏதாவது ஒன்றென்றால் நான் என்ன செய்வேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நினைத்தாள். அதற்குமேல் நினைக்க முடியாமல் எழுந்து நடந்தாள்.

நாவலும் தையலைப் பற்றியதுதான். எழுத வருவதற்கு முன்னால் அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் ஒற்ற காஸ் துணிகளை உள்ளே வைப்பார்கள். மூடுவதற்கு முன்னால் வைத்த அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணுவார்கள். நாவலின் கொலைகாரன் அப்படி எண்ணுகிறவன். பத்துத் துணி கொடுத்த இடத்தில் ஒருநாள் ஒன்பதுதான் வருகிறது. அவசரத்தில் இருந்த டாக்டர் “உள்ள ஒண்ணும் இல்ல, மூடு” என்கிறார். அன்றைக்கு வரிசையாக ஏழு ஆபரேஷன்; குறைந்தது எதில் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. அந்தப் பத்தாவது துணி யார் வயிற்றில் இருக்கிறதோ என்ற அரிப்பில் அவன் தூக்கத்தை இழந்து, வேலையை இழந்து, கடைசியில் ஏழு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய், தையல் போட்ட அதே கோட்டில் அவர்களைத் திறந்து பார்க்கிறான். போலீஸ் அவனைச் சுட்டுவிடுகிறது. துணி கிடைப்பதே இல்லை.

வாசகர்கள் அந்த ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “எங்கே அந்தத் துணி? ஆசிரியர் பதில் சொல்லியே ஆக வேண்டும்” என்று ‘புத்தகப்புழு’ கொதித்திருந்தார். “கத்தி இறங்கியதும் அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். இன்னும் கொஞ்சம் காட்டினால் குறைந்தா போய்விடும்?” என்றார் இன்னொருவர். ‘மாமியார் மெச்சியவள்’ எழுதியிருந்தது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்: “இதைப் படித்த நாளிலிருந்து என் கணவரின் குடல்வால் தழும்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாவம் மனிதர், சட்டையோடு தூங்குகிறார்.”

‘இரண்டாவது ஆள்’ என்ற பெயரில் ஒருவர் மட்டும் நிதானமாக, பிழையில்லாமல், இரண்டு நட்சத்திரத்தோடு எழுதியிருந்தார். தியேட்டரில் ஒருவர் எண்ணினால் அது எண்ணிக்கை ஆகாது. ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், இன்னொருவர் கண்ணால் பார்த்து வாய்விட்டு எண்ண வேண்டும். இது ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தே அவனைத் தனியாக அனுப்பியிருக்கிறார். அதனால்தான் ஏழு பேரைத் திறந்தும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒற்றை ஆளாகப் போனால்தான் பயமாக இருக்கும் என்று இரண்டாவது ஆளை அவள்தான் வெட்டியெறிந்தாள். “நீங்கள் சொல்வது சரி. கதைக்காகச் செய்த களவு” என்று பதில் எழுதினாள். அவர் கையெழுத்திட்ட பிரதி கேட்டார். கேட்பவர்களுக்கெல்லாம் அவளே உறை போட்டு, அனுப்புநர் முகவரியைத் தன் கையாலேயே எழுதி அனுப்புவாள். அவருக்கும் அனுப்பினாள்.

அதெல்லாம் போன மாதத்துக் கதை. இப்போது இந்தத் தூக்கம் வராதவள் யார்?

மறுநாள் அவளிடமிருந்தே இன்னொரு கருத்து வந்தது. “பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளை அவன் தகரத் துண்டு விட்டு நெம்புவதாக எழுதியிருப்பது வேடிக்கை. அந்த மாதிரிக் கதவுக்குத் தகரம் எதற்கு? கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால் தானாகத் திறக்கும்.”

சமையலறையை ஒட்டிய கதவு அது, சந்துப் பக்கம் திறப்பது. தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய், வெளியே நின்று கைப்பிடியைத் தூக்கித் தள்ளினாள். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போனது. தாழ்ப்பாள் மேலெழும்பி, காற்றில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அவளுடைய அடுப்பு, அவளுடைய பால் பாத்திரம், அதற்கப்பால் ஹாலில் போர்வைக்கு வெளியே தெரிந்த தங்கையின் பாதங்கள். வேற்று ஆளின் கண்ணால் தன் வீட்டைப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியதும் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பதிப்பாளருக்குப் போன் போட்டாள்.

“மேடம், பயமுறுத்துற புத்தகம் போட்டிருக்கோம். வாசகர் நம்மள பயமுறுத்தினா அது ஒரு மரியாதைதானே?” என்று அவர் சிரித்தார்.

“என் வீட்டுக் கதவு எப்படித் திறக்கும்னு எழுதியிருக்காங்க.”

“எல்லார் வீட்டுக் கதவும் அப்படித்தான் திறக்கும். எங்க வீட்டுது திறக்கவே மாட்டேங்குது, அதுக்கு என்ன சொல்றீங்க? விடுங்க மேடம். விற்பனை நல்லா இருக்கு.”

போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்தாள். போய் என்ன சொல்வது? என் வீட்டுப் படி முனகுவதை ஒருத்தி சரியாகச் சொல்லிவிட்டாள், பிடித்து உள்ளே போடுங்கள் என்றா? கதவுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலை வைத்துவிட்டுப் படுத்தாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை. தையல் போட்டவளைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது?

அடுத்த நாள் மத்தியானம், தங்கை மாத்திரை போட்டுக்கொண்டு வாய் திறந்து தூங்கும் நேரத்தில், அவள் மருந்துக்கடை வரைக்கும் போய்வந்தாள். திரும்பி வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூல் கதவோரத்தில் இருந்தது. வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நேற்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இதே ரோதனை என்று தன்னையே திட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே நாலு பக்கம் எழுதிவிடலாம் என மாடிக்குப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி விழுந்தது. ஜன்னலைச் சாத்தியதும் அறைக்குள் ஈரச் சுவரின் வாடையும், பழைய காகித வாடையும், அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் மெல்ல மேலே வந்தது. ஸ்பிரிட். கை கழுவும் மருந்துச் சோப்பு. தியேட்டரில் இருந்த காலமெல்லாம் விரலிடுக்கில் ஊறிக்கிடந்த வாடை. தங்கைக்குக் கட்டு மாற்றிவிட்ட கை, அதுதான் நாறுகிறது என்று நினைத்து விரலை மோந்து பார்த்தாள். விரலில் தேநீர் வாடைதான் இருந்தது. அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அதை அவள் எழுந்து சாத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்றபடியே கருத்துப் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

‘தூக்கம் வராதவள்’ மூன்றாவது முறையாக எழுதியிருந்தாள். “ஆபரேஷன் ஆனவளை மாடியில் படுக்கவைத்திருப்பதாக எழுதியிருக்கிறார் ஆசிரியர். வயிறு தைத்தவள் எப்படிப் படி ஏறுவாள்? ஹாலில், ஜன்னல் ஓரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே அல்லவா படுத்திருப்பாள்?”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் இறங்கி ஓடினாள். வாசல் கதவை மூட முயன்றாள்; மழைக்கு ஊதிப்போன மரம் சட்டத்தில் பாதி வரைதான் போனது. தோளால் இரண்டு இடி இடித்து, காலால் உதைத்து, இறுக்கி ஏற்றினாள். பிறகு சமையலறைக்குப் போய், பாத்திர அலமாரியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பக்கவாட்டுக் கதவுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. பல் ஒன்றோடொன்று தந்தியடித்தது.

“அக்கா! என்னாச்சு உனக்கு?”

“யாரோ நம்ம வீட்டப் பார்க்குறாங்க. நீ எங்க படுத்திருக்கன்னு எழுதியிருக்காங்கடி.”

தங்கை அவளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு தையலின் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியும் சிரிப்புமாகக் குலுங்க ஆரம்பித்தாள்.

“ஐயோ, சிரிக்க வைக்காத, பிச்சுக்கும். அக்கா, அது நான்தான்.”

“எது நீ?”

“தூக்கம் வராதவ. வேற யாரு? நாள் முழுக்கப் படுத்துக் கிடக்குறேன், என்ன பண்ணச் சொல்ற? உன் புக்கப் படிச்சேன். நம்ம வீட்டையே தூக்கி வெச்சிருக்க, அதுலயும் தப்பு தப்பா. படி நாலாவது. சின்ன வயசுலேருந்து திருட்டுத்தனமா இறங்கினவ நான், எனக்குத் தெரியாதா?”

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தங்கையின் தோளில் இரண்டு அடி வைத்தாள், மூன்றாவது அடிக்குக் கை எழாமல் அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். கோபம் பாதி, நிம்மதி பாதி. இந்தப் பீடையை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதுதான் அந்த நிமிடம் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“உசுரே போயிடுச்சுடி, சனியனே. மூணையும் இப்பவே எடு.”

“எடுக்குறேன், எடுக்குறேன். மூக்கச் சிந்து முதல்ல.”

தங்கை தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதில்கள் மடிந்து கிடக்கும், தொட்டால்தான் விரியும். அவை இருப்பதை இருவருமே இதுவரை கவனித்ததில்லை. அழிக்கப் போன விரல் பக்கத்தில் பட்டு, முதல் கருத்தின் பதில்கள் விரிந்தன.

இரண்டாவது ஆள்: “நன்றி. கவனத்தில் கொள்கிறேன்.” அதற்குக் கீழே, இன்றைய தேதியில், அதே பெயர்: “நான்காவதேதான்.”

தங்கையின் சிரிப்பு அடங்கிவிட்டது. இரண்டாவது கருத்தைத் தொட்டாள்.

“தூக்கித் தள்ளினேன். திறந்தது. ஸ்டூலை மட்டும் ஒதுக்க வேண்டியிருந்தது.”

மூன்றாவது.

“ஆமாம், ஜன்னல் ஓரம். வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். பாதம் வெளியே தெரிகிறது. அக்கா மேலே வந்து எழுதிக்கொண்டிருக்கிறார். மழை வலுக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.”

மழை வலுத்துவிட்டிருந்தது.

அவள் போனைப் பிடுங்கினாள். விரல் ஈரம். போலீஸ் எண் தப்பாகப் போனது. மறுபடியும் தப்பு. தங்கையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நாலு எட்டில் வாசல் கதவு. இழுத்தாள். அசையவில்லை. அவளே உதைத்து ஏற்றிய கதவு. பக்கவாட்டுக் கதவில் அலமாரி. அதுவும் அவளே. காலைச் சுவரில் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு ஒரு நூல் வந்தது. இன்னொரு நூல்.

மேலே குளியலறைக் கதவு திறந்தது. தண்ணீர்க் குழாய் ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது. யாரோ விரல் விரலாக, முழங்கை வரைக்கும், அவசரமே இல்லாமல் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் ஒழுங்கு அவளுக்கு மனப்பாடம். அது எப்போது முடியும் என்பதுகூடத் தெரியும்.

நின்றது.

படிக்கட்டில் காலடி. நிதானமாக. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மரம் நீளமாக முனகியது.

அவன் சாதாரணமாக இருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வங்கியில் முன்னால் நிற்கிற ஆள், பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிற ஆள். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்தது. ஈரக் கைகளை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தான், எதிலும் பட்டுவிடாதபடிக்கு. கக்கத்தில் அவளுடைய நாவல். இடுப்பில், துணியில் சுற்றிச் செருகிய ஏதோ ஒன்று.

“நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க,” என்றான். “முகவரியும் எழுதி. உங்க மனசு பெருசு.”

பக்கத்து மேசையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. அவள் அதைத் தூக்கியதும் சுழற்றியதும் ஒரே மூச்சில் நடந்தன. தாடையில் இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. வெள்ளைச் சட்டையின் மேல் ரத்தம் விசிறியடித்தது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ துப்பினான். பல். அதைத் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு முனகல் இல்லை. இரண்டாவது முறை அவள் ஓங்கியபோது மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். பெட்டி அவன் கைக்கு மாறியது. குனிந்து, அவளுடைய முழங்காலில் அடித்தான். அதே இடத்தில் இன்னொரு தடவை. கால் போகக் கூடாத பக்கமாக மடங்கியது.

அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. தங்கை கத்தியது கேட்டது. ஜன்னலைத் தாண்டி அந்தக் கத்தல் மழைக்குள் போய்க் கரைந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. தொலைக்காட்சியின் நீலம் சுவரில் ஆடியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவன் போனைத் தரையில் வைத்து மிதித்தான். தங்கையின் வாயைப் பொத்திக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். கையையும் காலையும் கட்டில் சட்டத்தோடு கட்டினான். போர்வையை உருவி, வெள்ளை விரிப்பை மேசையில் சுருக்கமில்லாமல் நீவி விரித்தான். விளக்கைத் திருப்பி வைத்தான். பிறகு கையைப் பார்த்து, போனைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்தவன்போல் முகம் சுளித்து, சமையலறைக்குப் போய் மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

அவன் கழுவி முடிக்கும் நேரம் அவளுக்குக் கிடைத்தது. வாசல் பக்கம் ஊர்ந்திருக்கலாம். கதவு ஏற்கெனவே இரண்டு நூல் வந்திருந்தது. அவள் கட்டில் பக்கம் ஊர்ந்தாள். முழங்கால் தரையில் இழுபட்டு, ரத்தக்கோடு பின்னால் வந்தது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. ஒரு கை அவிழ்ந்தது. அவிழ்ந்த கை எங்கும் போகாமல் அவளுடைய கையைத்தான் பிடித்துக்கொண்டது.

“அக்கா, போயிடு. நீ போயிடுக்கா.”

“வாய மூடு.”

“நான்தான்க்கா சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் நான்தான்.”

“இல்லடி. முகவரி நான் எழுதினது.”

அவன் வந்து நின்றான். உடைந்த தாடை ஒரு பக்கம் தொங்கியது. பேச்சு குழறினாலும் மரியாதை குறையவில்லை.

“நல்லது. அங்கயே இருங்க. நான் தூக்கிக் காட்டுவேன், நீங்க எண்ணணும். உங்கள விட்டா இதுக்கு ஆள் கிடையாது.”

“அவளுக்குள்ள ஒண்ணும் இல்ல,” என்றாள். “சாமி சத்தியமா ஒண்ணும் இல்ல. வேணும்னா என்னை எடுத்துக்கோங்க.”

“அது நாவல்ல டாக்டர் சொல்ற வசனம்,” என்றான் வருத்தத்தோடு. “அப்படிச் சொன்னதாலதானே இவ்வளவும்?”

“எத்தனை வரணும்?”

“பத்து. பத்து வந்துட்டா மூடிடலாம். நல்லாவே தைப்பேன். பயப்படாதீங்க.”

இடுப்பிலிருந்த துணிச் சுருளைப் பிரித்தான். ஊசி இருந்தது. நூல் இருந்தது. மற்றதும் இருந்தது.

தங்கையின் வயிற்றுக் கட்டைப் பிரித்தான். மேல் துணி. “ஒண்ணு,” என்றாள் அவள். அடுத்த மடிப்பு. “ரெண்டு.” ஒட்டிக்கொண்டு வந்த மூன்றாவதில் மஞ்சளும் சிவப்பும். மேசை விரிப்பில் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் வைத்தான். இதோடு நின்றுவிடுமோ என்று ஒரு நொடி நம்பினாள். அந்த நம்பிக்கைக்காகத் தன்னை அவள் மன்னிக்கப்போவதில்லை.

அவன் முதல் தையலைக் கத்தரித்தான். அடுத்ததை. அடுத்ததை. பிறகு கத்தரிக்கவில்லை, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தான்.

மனிதக் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று தியேட்டரில் நின்ற எந்த வருடத்திலும் அவள் அறிந்ததில்லை. அங்கே எல்லோரும் மயக்கத்தில் இருப்பார்கள். ரத்தம் கட்டிலை நனைத்து, சட்டத்தில் வழிந்து, அவள் மடியில் சொட்டியது. சூடாக இருந்தது.

“கணக்கு சரி!” என்று கத்தினாள். “பத்து! பத்து வந்துடுச்சு! மூடுங்க! மூடுடா பாவி!”

அவன் கை நின்றது. அவளைப் பார்த்தான். கோபமில்லை. ஏமாற்றம்.

“பார்க்காம சொல்றீங்க.”

மேசையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒவ்வொன்றாக உள்ளே திருப்பி வைத்தான். விரலால் ஆழமாக அழுத்தி வைத்தான். தங்கையின் உடம்பு வில்லாக வளைந்து விழுந்தது.

“முதல்லேருந்து.”

அதற்குப் பிறகு அவள் பொய் சொல்லவில்லை. தியேட்டரில் சொல்வதுபோல, தெளிவாக, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. வைத்த துணிகள் தீர்ந்தன. அவன் தலையணை உறையைக் கிழித்து ரத்தம் ஒற்றினான். அதையும் வரிசையில் வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்தான். நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. துணி தீர்ந்துவிட்டது. அவன் குனிந்து, முழங்கை வரை, கண்ணை மூடிக்கொண்டு தேடினான்.

எட்டாவதாக அவன் தூக்கிப் பிடித்தது துணி அல்ல. விளக்கொளியில் ஈரமாகப் பளபளத்தது, லேசாக ஆவி விட்டது. அதன் பெயர் அவளுக்குத் தெரியும். அது இல்லாமல் ஒரு ஆள் எவ்வளவு நேரம் இருப்பாள் என்பதும் தெரியும். அவன் அவசரப்படுத்தவில்லை. இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். சரி என்று சொன்னால் இன்னும் இரண்டுதான்.

தங்கையின் விரல்கள் அவள் கைக்குள் அசைந்தன. உதடு பிரிந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்டது.

“சொல்லிடுக்கா. சீக்கிரம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்ததை நன்றாகப் பார்த்தாள்.

“எட்டு,” என்றாள்.

அவன் சரி என்று தலையசைத்து, அதை வரிசையில் வைத்துவிட்டு, ஒன்பதாவதற்குக் குனிந்தான்.